தொப்பிக்காக ஒரு நாடு: கனடாவில் பிரெஞ்சுக்காரர்களும் பீவர் தோல் வியாபாரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் வீடுகளில் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பாடம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். "அம்மா, பீவர் தோலுக்காக ஏன் சண்டை போட்டாங்க?" என்று பிள்ளை கேட்கும். ஐந்து சென்ட் நாணயத்தில் உட்கார்ந்திருக்கும் பிராணி என்பதைத் தாண்டி நமக்கு ஒன்றும் தெரியாது. நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். 1534-லிருந்து 1670 வரைதான் கணக்கு. ஓரிரு இடத்தில் அதைத் தாண்டியும் போக வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் தோல் வாங்கத்தான் அங்கே போனார்களா?

இல்லை, மீனுக்குப் போனார்கள். 1500-களின் தொடக்கத்திலிருந்தே பிரெத்தான், நார்மண்டி, பாஸ்க் மீனவர்கள் நியூபவுண்ட்லாந்துக் கடலுக்கு ஆண்டுதோறும் வந்துபோனார்கள். காட் மீன் அங்கே அவ்வளவு மண்டிக் கிடந்தது.

அந்த மீனை இரண்டு விதமாக ஊருக்குக் கொண்டுபோகலாம். ஒன்று, கப்பலிலேயே உப்பில் அடுக்கி நேரே திரும்புவது. இன்னொன்று, கரையில் இறங்கிப் பரண் கட்டி, லேசாக உப்புத் தூவிக் கருவாடாகக் காயவைப்பது. இந்த இரண்டாவது முறைதான் நம் கதையைத் தொடங்கி வைக்கிறது. கருவாடு போடுகிறவன் வாரக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டும். அங்கே அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மிக்மாக், இன்னு மக்கள் வருவார்கள். இவனிடம் கத்தியும் கோடரியும் இருக்கும், அவர்கள் தோளில் ரோமத்தோல் போர்வை இருக்கும். கைமாற்று நடக்கும். எந்த அரசரும் உத்தரவு போடாமல், எந்தக் கம்பெனியும் இல்லாமல், மீன்வாடை அடிக்கும் கரையில்தான் இந்த வியாபாரம் பிறந்தது.

அரசருக்கு வேறு ஆசை இருந்தது. மேற்கு வழியாகச் சீனாவுக்குப் போக ஒரு கடல்வழி, கூடவே ஸ்பெயினுக்குக் கிடைத்ததுபோல் தங்கம். 1524-இல் முதலாம் பிரான்சுவா அனுப்பிய இத்தாலியரான வெரசானோ வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக நெடுந்தூரம் போய்ப் பார்த்தார். வழி இல்லை.

கனடாவைக் கார்த்தியே 'கண்டுபிடித்தார்' என்கிறார்களே?

சான் மாலோ துறைமுகத்துக்காரர் ழாக் கார்த்தியே. 1534 ஏப்ரல் 20-ஆம் தேதி இரண்டு கப்பல், 61 ஆட்களோடு கிளம்பினார். ஜூலையில் இன்று ஷலேர் வளைகுடா எனப்படும் இடத்தில் ஒரு சிறு படகில் கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது நாற்பது ஐம்பது தோணிகளில் மிக்மாக் மக்கள் எதிர்ப்பட்டார்கள். குச்சி நுனியில் ரோமத்தோல்களைக் கட்டி உயர்த்திக் காட்டி, "வாங்க, கரைக்கு வாங்க" என்று சைகை செய்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனைப் பார்த்ததும் சரக்கைத் தூக்கிக் காட்டுகிறவர்களுக்கு அவன் யார், எதற்கு வருவான், எதை வாங்குவான் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. பயந்தது கார்த்தியேதான். பீரங்கியை வெடித்து அவர்களை விரட்டினார். அப்படியும் மறுநாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்து நடந்த பேரத்தில் உடுத்தியிருந்த தோலைக்கூட விற்றுவிட்டு வெறும் உடம்போடு போனார்கள் என்று கார்த்தியேவின் பயணக் குறிப்பே சொல்கிறது. இதற்கு நான் 'கண்டுபிடிப்பு' என்று பெயர் வைக்க மாட்டேன். சந்தைக்குப் புதிதாக வந்த ஆள், அவ்வளவுதான்.

அதே ஜூலை 24-இல் காஸ்பேயில் முப்பது அடி உயரச் சிலுவை ஒன்றை நட்டு, 'பிரான்ஸ் மன்னர் வாழ்க' என்று பலகை மாட்டினார். ஸ்டாடகோனா ஊரின் தலைவர் டொன்னகோனா கரடித்தோல் போர்த்திக்கொண்டு தோணியில் வந்து, சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் கையால் காட்டி, எங்களைக் கேட்காமல் இதை எப்படி நட்டாய் என்று சைகையாலேயே சண்டை போட்டார். அது வெறும் வழி அடையாளம் என்று சொல்லிச் சமாளித்த கார்த்தியே, அவருடைய மகன்கள் இருவரையும் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் பெயர் டொமகயா, தைனோஅக்னி.

'கனடா' என்ற பெயர் எப்படி வந்தது?

செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை மக்களின் மொழியில் 'கனாட்டா' என்றால் ஊர், கிராமம். டொமகயாவும் அவர் சகோதரரும் ஸ்டாடகோனாவுக்குப் போகும் வழியைக் காட்டிச் சொன்ன சொல் அது. கார்த்தியே நாட்டுக்கே பெயர் என்று எடுத்துக்கொண்டார்.

கார்த்தியேவுக்குப் பிறகு ஐம்பது அறுபது வருடம் பிரான்ஸ் ஏன் சும்மா இருந்தது?

கைசுட்டுக்கொண்டதால். 1535-இல் கார்த்தியே மூன்று கப்பல், சுமார் 110 பேரோடு மறுபடி வந்தார். இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் ஸ்டாடகோனாவையும், இன்றைய மொன்றியல் இருக்கும் ஓஷலாகாவையும் பார்த்தார். அப்படியே குளிர்காலத்துக்கும் தங்கினார். கப்பல்களைச் சுற்றி ஆறு உறைந்துபோனது. காய்கனி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு அழுகி, பல் உதிர்ந்து, கால் வீங்கிக் கருத்தது. 25 பேர் இறந்துபோனார்கள். மிச்சப் பேரிலும் எழுந்து நடமாடக்கூடியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

அந்த நோயிலிருந்து தேறியிருந்த டொமகயாதான் 'அன்னெட்டா' என்ற மரத்தைக் காட்டினார். அதன் பட்டையையும் இலையையும் கொதிக்க வைத்து, சாற்றைக் குடித்து, சக்கையைக் காலில் பற்றுப் போடச் சொன்னார். நம் ஊர்க் கஷாயமும் பற்றும்தான். எட்டு நாளுக்குள் ஒரு பெரிய மரம் முழுதும் காலி, ஆட்கள் எழுந்துவிட்டார்கள். இதற்குக் கைம்மாறாக 1536 வசந்தத்தில் கார்த்தியே செய்தது என்ன தெரியுமா? டொன்னகோனா, அவருடைய இரண்டு மகன்கள் உட்படப் பத்துப் பேரைப் பிடித்துக்கொண்டு பிரான்ஸ் போனார். ஒரு சிறுமியைத் தவிர எல்லோரும் அங்கேயே இறந்துபோனார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

1541-இல் குடியேற்றம் என்று வந்தார்கள். ஊர்க்காரர்கள் நட்பாக இருப்பார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? தங்கம், வைரம் என்று நினைத்து அள்ளிப்போனவை வெறும் பைரைட்டும் படிகக்கல்லும். 'கனடா வைரம் மாதிரி போலி' என்பது பிரான்சில் பழமொழியே ஆயிற்று. 1543-க்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். பிறகு 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் உள்நாட்டுப் போர். அரசர்களுக்கு அக்கரை நினைப்பே இல்லை. மீனவர்கள் மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பீவர் என்றால் நீர்நாயா?

இல்லை. நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும், நம் காவிரியிலும் உண்டு. பீவர் எலி, அணில் வகைக் கொறிணி. மரப்பட்டை தின்னும், மரத்தைக் கடித்துச் சாய்த்து அணை கட்டும், வால் துடுப்புபோல் தட்டையாக இருக்கும். சிலர் 'நீரெலி' என்று எழுதுகிறார்கள். இருபது கிலோ எலியை நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை, பீவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தொப்பிக்கா இத்தனை அமர்க்களம்?

தொப்பிக்குத்தான். ஆனால் அது ரோமத்தொப்பி இல்லை. பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பீவர் தோலை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்ட பிரபுக்கள் யாரும் இல்லை. தோலில் இருந்து மயிரை மட்டும் எடுத்து, அழுத்தி 'ஃபெல்ட்' ஆக்கி, அதில் தொப்பி செய்தார்கள். ஃபெல்ட் என்பது நெய்யாத துணி.

ஒரு அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பீவர் தோலை மேசைமேல் வைத்திருந்தார்கள். மேலே கையோட்டினால் முரட்டு மயிர், நீளமாக, செம்பழுப்பாக, வழுவழுவென்று. வாயால் ஊதினால் அது விலகி உள்ளே சாம்பல் நிறத்தில் இன்னொரு மயிர் தெரிகிறது. பஞ்சுபோல், விரல் பட்டதே தெரியாத அளவுக்கு மெல்லியது. எவ்வளவு ஊதியும் அடியில் இருக்கும் தோல் கண்ணில் படவில்லை. அத்தனை நெருக்கம். தொப்பிக்காரனுக்கு வேண்டியது இந்த உள்மயிர்தான். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்முட்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் பட்டால் ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொண்டு விடவே விடாது.

அதனால் ஃபெல்ட்டுக்கு ஆட்டு ரோமத்தைவிட இது மேல். மழையில் நனைந்தாலும் விளிம்பு தொங்காது, எந்த உருவில் அழுத்தி வைத்தாலும் அப்படியே நிற்கும். தொப்பிப் பட்டறையில் இந்த மயிரைப் பிரித்துப் பரப்ப ஒரு பெரிய வில்லைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் மெத்தைக்குப் பஞ்சடிப்பவர் கொண்டுவருவாரே, நாணைச் சுண்டினால் 'டொய்ங்' என்று அதிருமே, அதே மாதிரியான வில். பின்னாளில், ஒன்றோடொன்று எளிதில் மாட்டிப் பிடிக்காத மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைச் சேர்த்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன.

ஐரோப்பாவிலும் பீவர் இருந்தது. ஆனால் பல நூற்றாண்டு வேட்டையில் மேற்கே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 1500-களின் கடைசியில் அகல விளிம்புத் தொப்பி நாகரிகமாயிற்று. சரக்கு வேண்டும். செயின்ட் லாரன்ஸ் கரையில் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

புதுத் தோலைவிடப் போட்டுத் தேய்த்த தோலுக்கு ஏன் அதிக விலை?

மேலே சொன்ன முரட்டு மயிர் தொப்பிக்கு ஆகாது. அதைப் பிடுங்குவது பெரும்பாடு. பூர்வகுடி மக்கள் குளிர்காலத்தில் பிடித்த பீவர் தோலைச் சுரண்டி, விலங்கின் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பைத் தடவித் தேய்த்து, ஐந்து முதல் எட்டுத் தோல் வரை நரம்பால் தைத்துப் போர்வையாக்குவார்கள். மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி ஒரு வருடத்துக்கு மேல் உடுத்துவார்கள். வியர்வையும் எண்ணெய்ப்பிசுக்கும் ஊறி, உரசி உரசி, முரட்டு மயிர் தானாகவே உதிர்ந்துவிடும். பட்டறைக்கு ஏற்ற பதத்தில் உள்மயிர் மட்டும் மிஞ்சும். இதைத்தான் பிரெஞ்சு வியாபாரிகள் 'கொழுப்புப் பீவர்' என்றார்கள். உரித்துக் காயவைத்து மட்டும் கொண்டுவந்தது 'உலர் பீவர்'.

இன்னு மக்கள் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும்? 1634 வாக்கில் அவர்களோடு குளிர்காலம் முழுதும் அலைந்த இயேசு சபைப் பாதிரியார் போல் லெ ஜென் எழுதி வைத்திருக்கிறார். அவரைத் தங்க வைத்தவர் வேடிக்கையாகச் சொன்னாராம்: பீவர் எல்லாவற்றையும் செய்கிறது, பானை செய்கிறது, கோடரி செய்கிறது, கத்தியும் ரொட்டியும் செய்கிறது, இங்கிலீஷ்காரர்களுக்குப் புத்தி இல்லை, ஒரு தோலுக்கு இப்படி இருபது கத்தி கொடுக்கிறார்கள். கையில் ஓர் அழகான கத்தியைக் காட்டித்தான் இதைச் சொல்லியிருக்கிறார்.

'பாசிமணியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்' என்று நாம் பரிதாபப்படும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் சிரிப்பது கேட்கும். செம்புப் பானை கனமில்லை, உடையாது, பழசானாலும் வெட்டி அம்புமுனை செய்யலாம். அதற்கு அவர் கொடுத்தது போட்டுத் தேய்ந்த போர்வை. சாக்னே ஆறு செயின்ட் லாரன்ஸில் கலக்கும் இடமான தாதுசாக்கில் இன்னுக்கள் முதல் கப்பலைக் கண்டதும் ஓடிப்போய் விற்றுவிட மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று கப்பல் வரட்டும் என்று பொறுத்திருந்து, போட்டியில் விலை ஏறிய பிறகே விற்பார்கள். சாக்னே ஆற்றின் மேற்பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் போகவும் அவர்கள் விடவில்லை. அங்கேயுள்ளவர்களிடம் தோல் வாங்கிவந்து விற்பது இவர்கள் தொழில். கொள்முதல் இடத்தை எந்த வியாபாரி வெளியில் சொல்வான்?

அரசர் செலவு செய்தாரா, வியாபாரிகள் செய்தார்களா?

அரசர் ஓர் உபாயம் கண்டார். தன் கஜானாவைத் தொடாமல், தோல் வியாபாரத்தில் ஏகபோக உரிமையைக் கொடுத்து, பதிலுக்குக் குடியேற்றும் பொறுப்பை வியாபாரி தலையில் கட்டுவது. 1600-இல் பியேர் ஷோவேன் இப்படி உரிமை வாங்கி, தாதுசாக்கில் ஒரு வீடு கட்டிப் பதினாறு பேரை விட்டுப்போனார். வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஐந்து பேர், அதுவும் இன்னுக்கள் சேர்த்துக்கொண்டதால்.

1603-இல் பத்தாண்டு உரிமை பியேர் தியூகுவா த மோனுக்குப் போனது. அவர் 1604-இல் செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவில் 79 பேரோடு தங்கினார். 35 பேர் இறந்தார்கள். மறுபடியும் ஸ்கர்வி. கார்த்தியே எழுதிவைத்த அன்னெட்டாவை அடையாளம் காட்ட ஆள் இல்லை. டொமகயாவின் ஊரே அதற்குள் இல்லாமல் போயிருந்தது. ஸ்டாடகோனா, ஓஷலாகா மக்கள் 1600-க்கு முன்பே அந்த ஆற்றங்கரையை விட்டு மறைந்துவிட்டார்கள். பக்கத்து மக்களோடு நடந்த போரா, வேறு எதுவுமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தொப்பிக்காரர்களும் மற்ற துறைமுக வியாபாரிகளும் கூச்சல் போட்டு 1607-இல் அந்த உரிமையை ரத்து செய்ய வைத்தார்கள். த மோன் கெஞ்சிக்கூத்தாடி ஒரே ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கினார். அந்த ஒரு வருடத்தில் நடந்ததுதான் கியூபெக்.

கியூபெக்கை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள்?

'கியூபெக்' என்றால் அல்கொன்கின் மொழியில் ஆறு குறுகும் இடம். குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு தோணிகூடத் தெரியாமல் தாண்ட முடியாது. தாதுசாக் திறந்த சந்தை, பாஸ்க் கப்பல் எல்லாம் வந்து போட்டி போடும். அதைத் தாண்டி ஆற்றின் உள்ளே போய், தோல் வருகிற வழியிலேயே கடை போடுவதுதான் திட்டம். 1608 ஜூலை 3-ஆம் தேதி த மோன் அனுப்பிய சாமுவேல் த ஷாம்ப்ளேன் அங்கே இறங்கி மரம் வெட்டத் தொடங்கினார். குளிர்காலத்தில் தங்கிய 28 பேரில் வசந்தத்தைப் பார்த்தவர்கள் எட்டுப் பேர்.

ஷாம்ப்ளேன் துப்பாக்கியால் சுட்டதால்தான் இரொகுவாக்கள் நூறு வருடம் பகைத்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1603-இலேயே தாதுசாக்கில் ஷாம்ப்ளேனும் தோல் வியாபாரி கிராவே தியூ போனும் இன்னு தலைவர் அனடபிஜூவோடு உட்கார்ந்து புகைபிடித்து விருந்துண்டார்கள். 'நீங்கள் இங்கே குடியேறலாம், எங்கள் எதிரிகளோடு சண்டை வந்தால் துணைக்கு வர வேண்டும்' என்பது அங்கே பேசிய உடன்பாடு. அந்த எதிரிகள்தான் இரொகுவாக்கள். இன்று அவர்கள் தங்களை ஹோடெனோசோனி என்கிறார்கள். ஆக, சண்டை ஷாம்ப்ளேன் வருவதற்கு முன்பே இருந்தது.

1609-இல் வாக்கை நிறைவேற்றச் சொல்லி வந்து நின்றார்கள். இன்னு, அல்கொன்கின், வெண்டாட் வீரர்கள் அறுபது பேர், கூட ஷாம்ப்ளேனும் இன்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும். ஜூலை 30 காலையில், இன்று அவர் பெயரிலேயே வழங்கும் ஏரியின் கரையில், இரொகுவாக்களில் ஒரு பிரிவான மோஹாக்குகள் இருநூறு பேருக்கு எதிரே. நாலு குண்டு போட்டுக் கெட்டித்த துப்பாக்கியை அவர் நீட்டிச் சுட்டார். தலைவர்கள் மூவரில் இருவர் அங்கேயே விழுந்தார்கள். பின்னால் இரு தரப்பும் சமாதானமாக இருந்த ஆண்டுகளும் உண்டு, அதனால் நூறு வருடப் பகையை ஒரு வேட்டின் மேல் சுமத்துவது வரலாற்றைக் குறுக்குவது. ஆனால் யார் பக்கம் என்று அன்று தேர்ந்தெடுத்தது உண்மை. தோல் வருகிற வழி யார் கையில் இருந்ததோ அவர்கள் பக்கம்.

பிரெஞ்சுக்காரர்கள் காட்டுக்குள் போய் வேட்டையாடினார்களா?

இந்தக் காலத்தில் அநேகமாக இல்லை. அவர்கள் ஆற்றங்கரையில் கடை வைத்திருந்தவர்கள். பனியில் பீவர் கூட்டை உடைத்துப் பிடித்தவர்கள் வடக்கே இருந்த வேட்டைச் சமூகங்கள். அவர்களிடம் சோளம் கொடுத்துத் தோல் வாங்கியவர்கள் ஜார்ஜியன் வளைகுடா அருகே வாழ்ந்த வெண்டாட்கள். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை 'ஹூரோன்' என்று அழைத்தார்கள், அதில் கொஞ்சம் கிண்டலும் உண்டு. சோளம், அவரை, பூசணி விளைவித்தவர்கள் அவர்களுடைய பெண்கள். தோலைப் பதப்படுத்தியது, பனிச்செருப்புக்கு வலை பின்னியது எல்லாம் பெண்கள் கைவேலைதான். கணக்குப் புத்தகத்தில் ஆண்கள் பெயர்தான் இருக்கிறது.

போக்குவரத்துக்கு பிர்ச் மரப்பட்டைத் தோணி. தேவதாரு வகை மரத்தில் சட்டம், வேரால் தையல், பிசினால் பூச்சு. ஓட்டை விழுந்தால் காட்டிலேயே அடைத்துவிடலாம், தோளில் தூக்கி நடக்கலாம். ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து நிப்பிசிங் ஏரி, ஒட்டாவா ஆறு வழியாகக் கியூபெக் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த வழியில் போன பாதிரியார் பிரெபெஃப் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்: தோணியைத் தூக்கிச் சுமந்தது 35 தடவை, தண்ணீரில் இறங்கி இழுத்தது குறைந்தது 50 தடவை.

இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் எத்தியேன் புரூலே. 1610-இல் ஷாம்ப்ளேன் இந்த இளைஞனை மொழி கற்கச் சொல்லி அனுப்பி, பதிலுக்கு சவீன்யோன் என்ற வெண்டாட் இளைஞனைப் பிரான்சுக்கு அழைத்துப்போனார். சவீன்யோன் அடுத்த வருடம் திரும்பிவிட்டார். புரூலே பாதிக்குமேல் வெண்டாட்டாகவே ஆகிவிட்டார். புதுச்சேரியில் மொழிபெயர்ப்புத் தரகர்களாகத் துபாஷிகள் இருந்தார்களே, அதே உத்தியோகம்தான். ஆனால் அங்கே துபாஷி உள்ளூர்க்காரர், இங்கே பிரெஞ்சுக்காரன் போய்த் துபாஷியானான். 1633 வாக்கில் வெண்டாட்கள் கையாலேயே இறந்துபோனார்.

இவ்வளவு வியாபாரம் நடந்தும் குடியேற்றம் ஏன் பெருகவில்லை?

வியாபாரம் நடந்ததாலேயே பெருகவில்லை. தோலைப் பிடித்துப் பதப்படுத்திக் கடை வாசலுக்கே கொண்டுவர ஆள் இருக்கும்போது எதற்குக் குடியானவர்கள்? ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தால் சோறு போட வேண்டும், அவன் காட்டைத் திருத்தினால் பீவர் ஓடும், கொஞ்சம் தலையெடுத்தால் தானே தோல் வாங்கத் தொடங்குவான். 1620-களில் ஆண்டுக்குப் பன்னிரண்டு பதினைந்தாயிரம் தோல் போனது, ஒரு நல்ல வருடத்தில் 22,000. கியூபெக்கில் இருந்த பிரெஞ்சுக்காரர்களோ நூறு பேர் அளவில். 1617-இல் பாரிஸ் மருந்துக்கடைக்காரர் லூயி எபேர், மனைவி மாரி ரோலே, பிள்ளைகளோடு வந்து நிலம் திருத்தினார். கம்பெனிக்காரர்கள் அவரை உற்சாகப்படுத்தவில்லை, தோல் வியாபாரத்தில் கைவைக்கக் கூடாது என்று கெடுபிடி செய்தார்கள்.

1627-இல் பிரெஞ்சு அரசரின் தலைமை அமைச்சர் ரிஷலியூ கர்தினால் 'நூறு பங்காளிகள் கம்பெனி'யைத் தொடங்கினார். பங்காளி ஆளுக்கு 3,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) போட வேண்டும். பதினைந்து ஆண்டில் நாலாயிரம் பேரைக் குடியேற்ற வேண்டும், கத்தோலிக்கர் மட்டும். அடுத்த வருடமே முதல் கப்பல் கூட்டத்தை ஆங்கிலேயருக்காக வந்த கெர்க் சகோதரர்கள் வழியிலேயே பிடித்துவிட்டார்கள். 1629 ஜூலையில், பட்டினியில் வேர் தோண்டித் தின்றுகொண்டிருந்த கியூபெக் சரணடைந்தது. 1632-இல் திரும்பக் கிடைத்தது. 1663-இல் பதினான்காம் லூயி கம்பெனியைக் கலைத்து நாட்டை நேரடியாக எடுத்துக்கொண்டபோது மொத்தம் மூவாயிரம் பேர்தான் இருந்தார்கள்.

பூர்வகுடி மக்களுக்கு என்ன ஆயிற்று?

சரக்கு போன அதே தோணியில் நோயும் போனது. 1634 முதல் 1640 வரை அலையலையாகத் தொற்று வந்தது, கடைசியில் பெரியம்மை. இருபதாயிரத்துக்கு மேல் இருந்த வெண்டாட்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். செத்தவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் அதிகம். பேரம், சமாதானம், சடங்கு எல்லாம் தெரிந்த தலைமுறை ஒரே அடியாகப் போய்விட்டது. பிழைத்தவர்களில் பாதிரியார்களை நம்பியவர்கள் ஒரு கட்சி, அவர்கள்தான் நோயைக் கொண்டுவந்த சூனியக்காரர்கள் என்றவர்கள் ஒரு கட்சி.

இரொகுவாக்களும் நோயில் ஆட்களை இழந்திருந்தார்கள். அவர்களுக்கு இழந்தவர்களின் இடத்தை நிரப்பச் சிறைப்பிடித்த மக்கள் வேண்டும், தோலும் வேண்டும். டச்சுக்காரர்களிடம் வாங்கிய துப்பாக்கிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்களோ ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் துப்பாக்கி என்று வைத்திருந்தார்கள். 1649 வசந்தத்தில் வெண்டாட் நாடு எரிந்தது. பலர் இரொகுவா ஊர்களிலேயே சேர்ந்துகொண்டார்கள், சிலர் மேற்கே போனார்கள், சில நூறு பேர் கியூபெக் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய சந்ததி இன்றும் கியூபெக் நகரை ஒட்டி வெண்டாக்கேயில் வாழ்கிறது. 'அழிந்துபோன இனம்' என்று பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

'கூரியூர் த புவா' என்று பாடத்தில் வருகிறதே, யார்?

நேர்ப்பொருள் 'காடோடிகள்'. வெண்டாட் தரகர்கள் இல்லாமல் போனதும் தோலை நாமே போய் வாங்கலாம் என்று, அனுமதிச் சீட்டு இல்லாமல் கிளம்பிய பிரெஞ்சு இளைஞர்கள். ரடிசோனும் அவர் மச்சான் குரோசேலியேயும் 1660-இல் சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து தோணி தோணியாகத் தோல் கொண்டுவந்தார்கள். ஆளுநர் பாராட்டவில்லை. அனுமதி இல்லாமல் போனதற்கு அபராதம் போட்டு, சரக்கில் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டார். 'ஹட்சன் விரிகுடா வழியாக வடக்கிலிருந்து போனால் சரக்கு இன்னும் மலிவு' என்ற யோசனையோடு இருவரும் ஆங்கிலேயரிடம் போய்விட்டார்கள். 1668-இல் நான்சச் என்ற கப்பல் அங்கே போய், அடுத்த வருடம் தோலோடு திரும்பியது. 1670 மே 2-இல் இரண்டாம் சார்லஸ் ஹட்சன் பே கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். டொராண்டோவில் நாம் கம்பளி வாங்கின 'தி பே' கடை அந்தக் கம்பெனியுடையதுதான். 2025 ஜூன் 1-இல் மிச்சக் கடைகளும் மூடியாயிற்று.

பிரெஞ்சுப் பக்கம் 1681-இல் ஆண்டுக்கு 25 அனுமதிச் சீட்டு என்று கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். கட்டுப்படவில்லை. 1690-களில் கிடங்கு நிறைந்து பீவர் தேங்கியது.

புதுச்சேரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பலர் கவனிப்பதில்லை. 1664-இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் இரண்டு கம்பெனி தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி நம் பக்கம் வந்து, 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் புதுச்சேரியில் ஊன்றியது. மேற்கிந்தியக் கம்பெனி கனடாவின் தோல் உரிமையை வாங்கியது. பின்னால் 1719-இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே 'இந்தியக் கம்பெனி' ஆக்கினார்கள். அதனால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்தில், அவர் துபாஷாக இருந்த அதே கம்பெனிதான் கனடாவிலிருந்து பீவர் ஏற்றுமதி செய்யும் ஏகபோகத்தையும் வைத்திருந்தது. முடிவும் அடுத்தடுத்து. மொன்றியல் 1760 செப்டம்பரில் ஆங்கிலேயரிடம் விழுந்தது, புதுச்சேரி 1761 ஜனவரியில். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது, கனடா போயிற்று. மீன் பிடிக்க மட்டும் நியூபவுண்ட்லாந்துக்கு அருகே சென் பியேர், மிக்கலோன் என்ற இரண்டு சின்னத் தீவுகளை வைத்துக்கொண்டார்கள். இன்றும் அவை பிரான்ஸ்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட எது நல்ல இடம்?

கியூபெக் பழைய நகரில் பிளாஸ் ரோயாலைப் பார்க்கலாம், ஷாம்ப்ளேன் கட்டியது அங்கேதான். வெண்டாக்கேயில் நீளவீடு ஒன்றைக் கட்டிவைத்து அவர்களே கதை சொல்கிறார்கள். ஆனால் ஒரே இடம்தான் போக முடியும் என்றால் தாதுசாக் போங்கள். கியூபெக்கிலிருந்து காரில் மூன்று மணி நேரம். சாக்னே ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை, கார்ப் படகு உண்டு, கட்டணம் இல்லை. ஷோவேனின் வீட்டைப்போல ஒரு மரவீடு கட்டி வைத்திருக்கிறார்கள், பதினாறு பேர் எப்படிப் படுத்தார்கள் என்று வியக்கும் அளவுக்குச் சின்னது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை திமிங்கிலமும் தெரியும். ஜூலையிலும் கம்பளிச்சட்டை எடுத்துப்போங்கள், ஆற்றுக்காற்று எலும்பைத் தொடும்.